கணியம்பாடி ஆய்வும் மூளைப் படமும்: ஓர் ஆட்சேபம்

மனச்சோர்வு நோயாளிகளின் மூளையைக் காந்த அதிர்வுக் கருவியில் படமெடுத்து, அவர்களுள் எவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடும் என்று முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை மனநோய் வைத்திய சாஸ்திரத்தில் இன்று ஆழ வேரூன்றியிருக்கிறது. அதன் அடியில், பெரும்பாலும் வாய்விட்டு உரைக்கப்படாமலே, ஓர் அனுமானம் கிடக்கிறது: தற்கொலை மனச்சோர்வின் முற்றிய நிலை, ஆகவே மனச்சோர்வின் குறியை மூளையில் கண்டவர் தற்கொலையின் குறியையும் கண்டவராவார். மேனாட்டு ஆய்வுகளில் தற்கொலையுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருந்ததாகக் காணப்படுவதே இதற்குப் பிரமாணமாகக் காட்டப்படுகிறது. இப்பிரமாணம் தமிழ்நாட்டில் நிற்கவில்லை என்பது என் கட்சி. அதைக் காட்டும் ஆவணம் 2010-லேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் அதை வாசித்தவர்கள் ‘குறைவுபட்ட கணக்கு’ என்னும் அடைமொழியைச் சூட்டி அப்பால் வைத்துவிட்டார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனோரஞ்சிதம் முதலியோர், கணியம்பாடி வட்டாரத்தில் தற்கொலையால் இறந்த 100 பேரின் சுற்றத்தாரிடம், இறந்தவரின் மனநிலையைக் கேட்டறியும் உளவியல் பிரேத விசாரணை நடத்தி, வயதாலும் பாலாலும் வசிப்பிடத்தாலும் ஒத்த, உயிரோடிருக்கும் 100 பேரை அவர்களுக்கு ஒப்பாக வைத்து ஆராய்ந்தனர். இறந்தோருள் மனநோய் என்று பெயரிடத்தக்க நிலை 37 பேருக்கே இருந்தது. அவர்களுள் மதுவுக்கு அடிமைப்பட்டோர் 16; வாழ்க்கை இடர்களுக்கு இசைந்துகொள்ள இயலாமை என்னும் கோளாறுடையோர் 15; முழு மனச்சோர்வு என்று வகுக்கத்தக்கவர் 2. தொடர்ந்த மன நெருக்கடியும், நாட்பட்ட உடல்வலியும், தனித்து வாழ்தலும், அணுக்கமான உறவு முந்தைய ஓராண்டுக்குள் முறிந்துபோனதுமே இறந்தோரை ஒப்பீட்டுக் குழுவினரிடமிருந்து பிரித்துக் காட்டின.

இதை எதிர்ப்போர் கூறுவது: கிராமத்துச் சுற்றத்தார் மனச்சோர்வை அறியார், அறிந்தாலும் வெட்கத்தால் மறைப்பர், ஆகவே 37 என்பது குறைவுபட்ட கணக்கு. இவ்வாட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் அது தன்னைத் தானே முறித்துக்கொள்கிறது என்றே எண்ணுகிறேன். வெட்கமே காரணமாயின், குடியை அல்லவா முதலில் மறைத்திருக்க வேண்டும்? 16 குடும்பங்கள் அதை ஒளிக்காமல் உரைத்திருக்கின்றன. அன்றியும், சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 1999-இல் வெளியிட்ட ஆய்விலும் சுற்றத்தாரே சாட்சிகள். அங்கே மனநோய் உடையோர் 88 விழுக்காடு என்று கண்டனர். சாட்சிகளின் அறியாமையொன்றே கணக்கைக் குறைக்கும் என்றால் அந்த 88 எப்படி வந்தது? இவ்வளவு விரியும் இடைவெளியை நோயறி வரம்பும், எந்த மரணங்கள் ஆய்வாளரின் பார்வைக்கு வந்தன என்பதும் சேர்ந்தே விளைவித்திருக்க வேண்டும். கணியம்பாடியில் மரணங்களைப் பதிவதற்குக் கிராம சுகாதார ஊழியர்கள் இருந்தார்கள். 1994 முதல் 1999 வரை அவர்கள் வழியே திரட்டிய தற்கொலை விகிதம் லட்சத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் நின்றது. அக்காலத்துத் தேசிய அதிகாரபூர்வக் கணக்கோ பத்து, பதினொன்றை ஒட்டியே நின்றது. காவல் நிலையம் காணாத சாவுகளையும் கண்ட வலை அது.

இன்னொன்றையும் எதிர்ப்போர் கவனித்ததாகத் தெரியவில்லை. இவ்வாய்வு பின்பற்றிய அமெரிக்க நோய்வகுப்பில் மனச்சோர்வுக்கு ஒன்பது குறிகளுள் ஐந்து வேண்டும். அவற்றுள் ஒன்று சாவைப் பற்றிய இடையறாத எண்ணம் அல்லது தற்கொலை முயற்சி. தற்கொலையால் மாண்டவர், அதனாலேயே, ஒரு குறியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நோயறிவார் முன் வருகிறார். இந்தச் சலுகை இருந்தும் மனச்சோர்வு 2 பேரிடமே தேறியிருக்கிறது. இசைவின்மைக் கோளாறு என்றது மறைந்த மனச்சோர்வே என்று வாதிப்பவருக்காக அந்த 15-ஐயும், நாட்பட்ட மெல்லிய சோர்வு என்ற வகையில் காணப்பட்ட 2-ஐயும் அதனோடு கூட்டிக் கொடுத்தாலும் 19-க்கு மேல் போவதில்லை. சென்னையிலும் மனச்சோர்வு ஏறத்தாழக் கால் பங்கினரிடமே காணப்பட்டது. எவ்வழியில் வாசித்தாலும், மனச்சோர்வின் மூளைப் படம் எத்துணைத் தெளிவாக அமைந்தாலும், தமிழ்நாட்டுத் தற்கொலையாளரில் பெரும்பகுதியினரைப் பற்றி அது மௌனமே சாதிக்கும்.

படமோ அவ்வளவு தெளிவாகவும் இல்லை. 2017-இல் மார்செல் ஜஸ்ட் என்பாரின் குழுவினர், தற்கொலை எண்ணமுடைய 17 இளைஞரையும் அஃதில்லாத 17 பேரையும் சில சொற்களை நினைக்கச் செய்து படமெடுத்து, 91 விழுக்காடு பிழையின்றிப் பிரித்தறிந்ததாக அறிவித்தபோது, உலகெங்கும் பெரும் ஆரவாரம் எழுந்தது. படமெடுக்கப்பட்டவர் உண்மையில் 79 பேர். முதன்மைக் கணக்கில் வந்தவர் 34 பேர். முப்பது சொற்களுள் ஆறும், மூளையில் ஐந்து இடங்களும், எந்தத் தரவைக் கொண்டு சோதிக்க வேண்டுமோ அதே தரவைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற குறை பின்னர் எடுத்துக்காட்டப்பட்டு, 2023-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதைக் கணிதப் பிழையென்று மட்டும் கருதி, மாதிரியைப் பெருக்கினால் எல்லாம் சரியாகும் என்பாரும் உளர். பெருக்கிப் பார்த்தாயிற்று: 1,728 மனச்சோர்வு நோயாளிகளைப் பல நாடுகளிலிருந்து சேர்த்து 2016-இல் வெளிவந்த ஆய்வில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சிறுத்திருந்தது மெய்யே, ஆனால் அவ்வேறுபாடு திட்ட விலக்கத்தில் ஏழில் ஒரு பங்களவே. குழுக்களை ஒப்பிடுவதற்கு அது உதவும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது.

91 விழுக்காடு மெய்யாகவே கைகூடிற்று என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். கணியம்பாடியைப் போல் லட்சம் பேரில் ஆண்டுக்கு 90 பேர் மாளும் ஊரில் அக்கருவி 82 பேரைச் சரியாகச் சுட்டும். கூடவே மாளாத ஏறத்தாழ 9,000 பேரையும் சுட்டும். சுட்டப்பட்ட நூற்றுப்பத்துப் பேருக்கு ஒருவர்தாம் உண்மையில் அபாயத்திலிருப்பவர்!  

மாறாக, மூளையைத் தொடாமலே உயிர்கள் காக்கப்பட்டிருக்கின்றன. கொடிய பூச்சிமருந்துகளை 1995-லும் 1998-லும் தடை செய்த இலங்கையில் 2005-க்குள் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. அப்பத்தாண்டில் அந்நாட்டு மக்களின் மனச்சோர்வும் பாதியாயிற்று என்று எவரும் சொல்லத் துணியார். நம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்துகளைப் பொதுவிடத்தில் பூட்டி வைத்துப் பார்த்த முயற்சியும் இந்நெறியைச் சேர்ந்ததே.

கணியம்பாடி காஞ்சிபுரமன்று, உழவர் படும் பாடும் நெசவாளர் படும் பாடும் வேறு வேறு. எனினும் சென்னைக்கும் வேலூருக்கும் நடுவே கிடக்கும் இந்தக் காஞ்சிபுரத்தில் அந்த ஆய்வை வாசிக்கும்போது, நாட்பட்ட வலி என்ற சொற்றொடரைக் கடந்து போக முடிவதில்லை. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் இருப்பவர், காலைக் குழியில் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, படமரத்தின் மேல் கவிந்தபடியே பகலைக் கழிக்கிறார். கோர்வைச் சேலையாயின் கரைக்கு நாடா எறிய மனைவியோ பிள்ளையோ பக்கத்தில் உட்கார வேண்டும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும், வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காது. இடுப்பு வலிக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாத்திரையோடு திரும்புகிறார். தூக்கம் வருகிறதா, கடன் எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கணியம்பாடியின் கணக்கு சரியாயின், அபாயமுள்ளவர் ஏற்கெனவே வைத்தியரின் வாசலில் நிற்கிறார்.

இனி, ஒரு நாள் இத்தெருக்களிலும் மூளைப் படம் எடுக்க எவரேனும் முன்வந்தால், அவர் முன் வைக்க ஒரு நிபந்தனை உண்டு. மணிமேகலைக் காப்பியம் தர்க்கத்தைக் கற்பிக்கும் இடம் இக்கச்சி மாநகர். பௌத்தத் தர்க்க ஆசிரியர் திங்நாகரின் ஊரும் இதன் அருகே இருந்தது என்பது மரபு. சாதிக்க வேண்டிய பொருளிடத்தும் அதற்கு மாறான இடத்தும் ஒருங்கே காணப்படும் ஏது அநைகாந்திகம் என்று ஒதுக்கப்படும் என்பது அந்த மரபின் விதி. தற்கொலை எண்ணத்தின் குறியாகக் காட்டப்படும் மூளையின் முன் சிங்குலேட் பகுதி, நாட்பட்ட உடல்வலியிலும் தொழிற்படுவது, இன்சுலாவும் அப்படியே. ஆதலின் ஒப்பீட்டுக் குழுவுக்கு வலியில்லாத கல்லூரி மாணவரைச் சேர்த்தல் கூடாது; அதே தெருவில், அதே தறிக்குழியில், அதே இடுப்புவலியோடும் அதே கடனோடும் இருந்து, சாவை நினையாதவரையே சேர்த்தல் வேண்டும். அவ்வாறு நடந்த ஓர் ஆய்வை நான் இதுவரை கண்டதில்லை.