கோகலேக்குச் சுட்ட ரொட்டி

விருந்தோம்பலின் பெருமையைப் பேச நம்மவருக்குச் சலிப்பதில்லை. ஆயின், விருந்துக்கு அழைத்தவரே விருந்தினரை வருத்திய கதையை எடுத்துச் சொல்வார் அரியர். அத்தகைய கதையொன்று 1912ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. அழைத்தவர் காந்தியார். வந்தவர், அவர் தம் அரசியல் குருவாகக் கொண்டாடிய கோபாலகிருஷ்ண கோகலே. தம் பிழையைப் பின்னாளில் எழுதி வைத்தவரும் காந்தியாரே.

கோகலே கடல் கடந்து சென்ற காரணம் நமக்கு அந்நியமானதன்று. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் காலத்தை முடித்து அங்கேயே தங்க விரும்பிய கூலி மக்கள்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி சுமத்தியது. அவ்வரியால் நைந்தவருள் தமிழர் மிகப் பலர். மலாய் நாட்டிலும் ஒப்பந்தச் சீட்டில் வந்து இறங்கியவர் உண்டு. இங்கே அம்முறை ஒழிந்தது 1910இல்தான். எனவே கோகலே யாருக்காகப் பேசப் போனார் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

1912 அக்டோபர் 22ஆம் நாள் அவர் கேப்டவுனில் இறங்கினார். ஜோகன்னஸ்பர்க் நகரில் அவருக்கு நடந்த பெருவிருந்துக்கு ஏறத்தாழ 400 பேர் அழைக்கப்பட்டனர். அவருள் ஐரோப்பியர் 150 பேர். இந்தியருக்கு அனுமதிச் சீட்டு ஒரு கினி. மாமிசமில்லை, மதுவில்லை, பதினைந்து வகைப் பதார்த்தம் மேசையில் இருந்தது. இவற்றைச் சமைத்தவர் யாவர்? ஒப்பந்தக் கூலிக் குடும்பங்களிற் பிறந்து, ஓட்டல்களில் சமையலும் பரிமாறலும் செய்து பிழைத்து வந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் இதில் பெருந்துணை புரிந்தனர். பூனாவின் சித்பாவனப் பிராமணர் ஒருவர் அவ்விருந்தில் அமர்ந்தார். தாய்நாட்டில் அந்நாளில் இதனை எத்தனை ஊர் பொறுத்திருக்கும்?

நிற்க. நகரத்து விருந்தில் எக்குறையும் நேரவில்லை. குறை நேர்ந்த இடம் டால்ஸ்டாய் பண்ணை.

சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் குறைந்த செலவில் வாழ்வதற்காக ஹெர்மன் காலன்பாக் என்னும் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர் 1910இல் அளித்த 1,100 ஏக்கர் நிலம் அது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். லாலி என்பது அருகிலுள்ள ரயில் நிலையம். தமிழர், ஆந்திரர், குஜராத்தியர், வடநாட்டார், இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் ஆகிய யாவருக்கும் அடுக்களை ஒன்று, பந்தி ஒன்று. ஏவலர் ஒருவரும் இல்லை.

ரொட்டியும் அங்கேயே சுடப்பட்டது. காந்தியாருக்கு ரொட்டிப் பித்து முன்பே உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருந்தபோதே 7 பவுன் கொடுத்துக் கை இயந்திரம் ஒன்று வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் கைக்கு அடங்காது, இருவர் வேண்டும். நண்பர் போலக்கும் பிள்ளைகளும் அவருடன் சேர்ந்து சுற்றுவர். உமி நீக்காத கோதுமை மாவில், புளிப்புச் சேர்க்காமல், கூனே என்னும் ஜெர்மானிய இயற்கை மருத்துவர் சொன்ன பக்குவப்படி ரொட்டி ஆகும். அப்பழக்கமே பண்ணைக்கும் சென்றது. அங்கே ரொட்டிக்குத் துணை, வறுத்த கோதுமைப் பொடியில் வைத்த ‘காப்பி’. புளிக்காத முழுமாவு ரொட்டி சூடாயிருக்கையில் மணக்கும். ஆறினாலோ பல்லுக்குச் சோதனை.

குருவைப் பண்ணைக்கு அழைத்துவர வேண்டும் என்பது காந்தியாரின் பேராவல். கோகலேயோ நீரிழிவால் நலிந்தவர். பண்ணையில் கட்டில் இல்லை. ஒன்று இரவல் வாங்கினர். தனியறை இல்லை, காலன்பாக்கின் அறையை ஒழித்துக் கொடுத்தனர். நிலையத்திலிருந்து ஒன்றரை மைல் நடக்க முடியுமா என்று முன்னரே கேட்டிருந்தனர். அவரும் காந்தியார் மீதிருந்த நம்பிக்கையால், சிறிதும் யோசியாமல் இசைந்திருந்தார். அன்று பார்த்து மழை பிடித்தது. நனைந்து நடந்த கோகலேக்குச் சளி கண்டது.

காந்தியார் தம் கையால் சூப்பு வைத்தார். கோட்வால் என்னும் தோழர் விருந்தினருக்கென்றே தனி ரொட்டி சுட்டார். ஆனால் அடுக்களை ஓரிடம், காலன்பாக்கின் அறை வேறிடம். கொண்டு சேர்ப்பதற்குள் சூப்பும் ரொட்டியும் ஆறிப்போயின. கோகலே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தம் மடமையைக் காந்தியார் உணர்ந்தார்.

இங்கே காந்தியாரைக் குறை கூறாதிருக்க இயலவில்லை. எளிய வாழ்வு தமக்கு இனித்தது. அது நோயாளிக்கும் இனிக்கும் என்று எண்ணிவிட்டார். மாவு அரைக்க ஆள் இருந்தது, சுட ஆள் இருந்தது. மழை வந்தால் என்செய்வது என்று எண்ண ஒருவரும் இல்லை!

எல்லாரும் தரையிற் படுப்பதை அறிந்த கோகலே, கட்டிலை அகற்றித் தம் படுக்கையையும் தரையிலேயே விரிக்கச் செய்தார். காந்தியாரும் காலன்பாக்கும் கால் பிடித்துவிட மன்றாடினர். அவர் தொடவும் விடவில்லை. துன்பம் தாங்கப் பிறந்தவர் நீங்கள், சீராட்டப்படப் பிறந்தவன் நானோ என்று பாதி நகையும் பாதிச் சினமுமாகக் கடிந்து, உங்கள் செருக்கை அடக்குவேன் என்றார். அவ்விரவு முழுதும் காந்தியாருக்குக் கழிவிரக்கமாகவே கழிந்தது.

அந்த 3 பவுன் வரி 1914இல் ஒழிந்தது. அதற்குள் பெரும் வேலைநிறுத்தமும் சிறைவாசமும் கடக்க வேண்டியிருந்தது. கோகலே 1912 நவம்பர் 17ஆம் நாள் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார். காந்தியாரும் காலன்பாக்கும் ஜான்ஜிபார் வரை உடன் சென்றனர். இம்முறை, கப்பலில் அவர் உடம்புக்கு ஏற்ற உணவு கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தனர்.