பின்னிய கைகளுக்குப் பெயர் உண்டா?

கல்வெட்டு, செப்பேடு, காப்பியம் என்று கட்டுரைகள் வரும் மலரில் ஸ்வெட்டரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். டிராம்பே, செம்பூர் வட்டாரத்தில் 40 ஆண்டுகளாகத் துணியும் நூலும் விற்றுவருகிறேன். நம் வீட்டுப் பெண்கள் கையால் பின்னிய உடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்குப் புரிந்தது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "அங்கிள், பாட்டி போட்டிருக்கிற மாதிரியே வேணும், இந்தக் கலர் நூல் இருக்கா?" என்கிறார்கள். அதற்கு 'விண்டேஜ்' என்று பெயராம். பின்னத் தெரிந்த பாட்டியோ அத்தையோ இருக்கும் வீட்டில் காரியம் நடக்கிறது. இல்லாத வீட்டில் போட்டோவோடு சரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நெய்வது வேறு, பின்னுவது வேறு. நெசவில் பாவு, ஊடை என இரண்டு நூல் வேண்டும். பின்னலில் ஒரே நூல்தான். ஒரு கண்ணுக்குள் அடுத்த கண்ணை இழுத்து இழுத்தே துணியாக்குகிறார்கள். அதனால்தான் ஸ்வெட்டர் இழுத்தால் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. நுனியைப் பிடித்து உருவினால் முழுவதும் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். அண்ணனுக்குச் சிறிதாகிப்போனதைப் பிரித்து, நூலை நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்து, தம்பிக்குப் பின்னிவிடுவார்கள். சிக்கனம்தான், ஆனால் வரலாறு எழுதுபவனுக்குப் பெரிய நஷ்டம். பழைய ஸ்வெட்டர் மிஞ்சுவதே அரிது.

தமிழகம் நெசவு நாடு. வெயில் காயும் ஊரில் கம்பளி உடுப்புக்கு வேலை இல்லை, இரண்டு ஊசியால் பின்னும் இந்த வித்தையும் நம்முடையதன்று. உலகில் இன்று கிடைக்கும் மிகப் பழைய பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. 11-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. வெள்ளை நூலும் நீல நூலும் கலந்த பருத்திக் காலுறைகள். பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி, 1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் பின்னல் எந்திரமே செய்துவிட்டார்.

இந்த உடுப்புகளின் பெயர்களைப் பாருங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்தது கார்டிகன். 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவா போரில் குதிரைப்படையை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபுவின் பெயர் அது. கழுத்திலிருந்து சாய்வாக இறங்கும் 'ரக்லான் கை', அதே கிரிமியப் போரின் ஆங்கிலத் தளபதி ரக்லான் பிரபுவின் பெயர். அவர் 1815-இல் வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தவர். நாம் 'மங்கி கேப்' என்று கேலி பேசும் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்றே பெயர். ஒரே போரிலிருந்து மூன்று பெயர்கள், இரண்டு பிரபுக்கள், ஓர் ஊர். குளிரில் வாடிய சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து பின்னி அனுப்பிய பெண்களில் ஒருத்தியின் பெயராவது எந்த உடுப்பிலும் ஒட்டவில்லை.

சரி, நம் பம்பாய்க்கு வருவோம். 1947-க்குப் பிறகு சிந்திலிருந்து வந்த அகதிகள் செம்பூர் முகாமிலும், பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் சயான் கோலிவாடாவிலும் குடியமர்த்தப்பட்டார்கள். மாட்டுங்காவும் செம்பூரும் அப்போதே தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடங்கள். நம் பெண்கள் பின்னலை எங்கே கற்றார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் வாயிலேயே சான்று இருக்கிறது. தமிழில் பேசிக்கொண்டே பின்னும் மாமி, கண் எண்ணும்போது மட்டும் "ரெண்டு சீதா, ரெண்டு உல்ட்டா" என்பார். கண்ணுக்கு 'ஃபந்தா', ஊசிக்கு 'சலாய்'. எல்லாம் வடக்கத்திச் சொற்கள். புத்தகம் பார்த்துக் கற்றிருந்தால் ஆங்கிலச் சொல் வந்திருக்கும். "பக்கத்தாத்து சிந்தி மாமி பின்னுவா, நான் பாத்துண்டே கத்துண்டேன்" என்று அணுசக்தி நகரில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். வீடு வாசலை இழந்து வந்தவர்களிடமிருந்து பிழைக்க வந்தவர்கள் கற்றுக்கொண்ட வித்தை இது என்பதே என் முடிவு.

பம்பாயில் ஏது குளிர் என்று கேட்பீர்கள். 1962-இல் சீனப் போரின்போது எல்லையில் குளிருக்கு ஏற்ற உடுப்பின்றி ஜவான்கள் தவித்தபோது நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் வந்தது. 1967-இல் அதற்குப் பாபாவின் பெயர் சூட்டினார்கள். அந்தத் துறையில் சேர்ந்தவர்களுக்கு ராஜஸ்தானின் ராவத்பாட்டா, உத்தரப் பிரதேசத்தின் நரோரா என்று மாற்றல் வரும். மாற்றல் உத்தரவு வந்த வாரமே அந்த வீட்டம்மா என் கடைக்கு வந்துவிடுவார். நூல் லூதியானாவிலிருந்து வரும். வர்த்தமான் என்ற பெயரைப் பார்த்து, "உங்க சாமி பேராச்சே!" என்று கிண்டல் செய்வோரும் உண்டு. மகாவீரரின் இயற்பெயர்தான் அது. எங்களில் பலர் பட்டைத் தொடமாட்டோம், புழுவைக் கொன்று எடுப்பது. ஆட்டைக் கொல்லாமல் கத்தரித்தெடுக்கும் கம்பளியை விற்பதில் எனக்கு உறுத்தல் இல்லை.

தாராவியில் நம்மவர் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். அங்கிருந்தும் நாகர்கோவில் பக்கமிருந்தும் வந்த கைவேலைக்கு வேறு கதை. அது கம்பளி அல்ல, பருத்தி லேஸ். ஈழத்தமிழர் அதை 'ரேந்தை' என்பர். ஜன்னல், அலமாரி போலவே போர்த்துக்கீசியச் சொல். ஆனால் நாகர்கோவிலில் லேஸ் வேலையைப் பெண்களுக்குப் பள்ளி வைத்துக் கற்பித்தவர் மார்த்தா மால்ட் அம்மையார். 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் லண்டன் மிஷனில் பணியாற்ற வந்தவர். உருண்டைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் வேலை. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த அதே மண்ணில், பெண்ணின் கைவேலை அவள் விடுதலைக்கு விலையாயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள்.

மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் ஒரு பாதிரியாரை மணந்து இடையன்குடிக்குப் போனார். தாயிடம் கற்ற லேஸ் வேலையை அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாதிரியார் வேறு யாருமில்லை, கால்டுவெல். 1856-இல் அவர் எழுதிய ஒப்பிலக்கணத்தை நம் மேடைகளில் பேசாதவர் இல்லை. 1968-இல் மெரினாவில் சிலையும் வைத்தாயிற்று. எலைசா அம்மையார் பெயரை நம் சங்க மேடையில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த அம்மையார் பெயராவது நூல்களில் இருக்கிறது. அவரிடம் கற்று, கண் பூத்துப்போகும்வரை லேஸ் செய்த இடையன்குடிப் பெண்களை யார் அறிவார்?

காந்தியடிகள் விஷயத்திலும் இதே கதிதான். 1947 நவம்பரில் நடந்த எலிசபெத் இளவரசியின் திருமணத்துக்கு அவர் தாமே நூற்ற நூலில் ஒரு சிறு விரிப்பு பின்னச்செய்து மவுண்ட்பேட்டன் மூலம் அனுப்பினார். நடுவே 'ஜெய் ஹிந்த்' என்று பின்னப்பட்டிருந்தது. இளவரசியின் பாட்டி ராணி மேரி அதைக் காந்தியின் கோவணம் என்று எண்ணி முகம் சுளித்தார் என்பார்கள். அரண்மனை அதைப் பத்திரமாக வைத்திருந்தது. நூற்றவரை உலகமே அறியும். பின்னியவரைப் பற்றிக் காந்தியின் கடிதம் தருவது 'ஒரு பஞ்சாபிப் பெண்' என்ற அளவில்தான். மற்றவர் உழைப்பை மதித்தவர் அவர். அவர் கடிதத்திலேயே இப்படி என்றால், நம் வீட்டு ஸ்வெட்டரைப் பற்றி என்ன சொல்ல?

நம் வீட்டு ஸ்வெட்டர் வீட்டை மாற்றும்போது பாத்திரக்காரியிடம் போய்விடுகிறது. ஒரு டப்பாவுக்குப் பத்து உடுப்பு. எவர்சில்வர் டப்பா இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். போட்டோவைப் பார்த்துக் கேட்கும் பேத்திக்கு, கை எப்படி ஏற்றியது, கழுத்தில் எத்தனை கண் குறைத்தது என்று காட்ட அந்த உடுப்புதான் பாடப்புத்தகம். சில வீடுகளில் நோட்டும் உண்டு. '2 சீ 2 உ' என்று தமிழ் எழுத்தில் மாதிரி குறித்த 40 பக்க நோட்டு ஒன்றை ஓர் அம்மா காட்டினார். மஞ்சள் கறையோடு இருந்தது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததால் தப்பிப் பிழைத்தது.

இரண்டு வருஷமாக நூல் வாங்குவோருக்கு ஒரு விரல் அகல வெள்ளை நாடாவும் சேர்த்துத் தருகிறேன். காசு கிடையாது. பின்னியவர் பெயர், ஊர், ஆண்டு, யாருக்காகப் பின்னியது என்று அழியாத மையில் எழுதி உள்பக்கம் தைத்துவிடச் சொல்கிறேன். மாதிரி நோட்டு வைத்திருப்பவர்கள் சங்க நூலகத்தில் கொடுத்தால் நகல் எடுத்துக்கொண்டு அதே வாரம் திருப்பித் தந்துவிடுவோம். பிரிந்துபோன நோட்டானாலும் பரவாயில்லை.