மங்காஃபில் வரைந்த கோடுகள்

நாம் குடியிருக்கும் மங்காஃப், குவைத்தின் ஐந்தாம் தேர்தல் தொகுதியில் அடங்கியது. முதலில் நாட்டில் 10 தொகுதிகளே இருந்தன. மன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில் அரசாணை அவற்றை 25 ஆக்கியது. 1981 தேர்தல் அவ்வாறே நடந்தது. சிறு தொகுதியில் வாக்கை விலைபேசுவது எளிதன்றோ! கோத்திரத்தார் தமக்குள் முன்தேர்தலும் நடத்தினர். 1998இல் சட்டம் தடுத்தும் அது மறைவில் தொடர்ந்தது. 2006இல் செம்மஞ்சள் நிறம் தாங்கிய இளைஞர் போராடி, தொகுதிகளை ஐந்தாக்கினர். 2024இல் மன்றமே கலைக்கப்பட்டது.

வாக்கற்றோராய் இவற்றைக் காணும் நமக்கு இலங்கை மலையகமே நினைவில் எழுகின்றது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். ஆயினும் தொகுதி வகுக்கையில் அவர்தம் தலைகள் எண்ணப்பட்டன. அத்தலைகளால் பெருகிய ஆசனங்களோ அயலார்க்கே போயின.