கண்டியிலிருந்து சிட்னிக்கு: ஒரு குடும்பக் குறிப்பும் அதன் விளக்கவுரையும்

அவுஸ்திரேலியாவில் முன்னோரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்துதான் தொடங்குவார்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, என்ன தண்டனை என்று தெரிந்துவிட்டால் அங்கிருந்து இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ நூல் பிடித்துப் போவார்கள். ஒரு குடும்பத்தின் நூல் கண்டியில் வந்து முடிகிறது. இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவில் போய்க் குடியேறியதாக அறியப்படும் முதற் குடும்பம் அது. படைப்பதிவு, தண்டனைப் பதிவு, கப்பற் பதிவு என்று சிதறிக் கிடக்கும் செய்திகளைத் திரட்டி, என் சொற்களில் ஒரு சிறு மூலமாக்கி, பகுதி பகுதியாக உரை சொல்கிறேன்.

மூலம்:

வில்லியம் ஓடீன் என்னும் மலாய்க்காரர். முதலாம் இலங்கைப் படையணியின் டிரம் மேஜர். 1803இல் பிரித்தானியப் படையை விட்டுக் கண்டியரோடு சேர்ந்தவர். 1815இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டவர். சிங்கள மனைவி ஈவுடனும் பிள்ளைகளுடனும் கங்காரு கப்பலில் 1816 பெப்ரவரியில் சிட்னி சேர்ந்தவர். பின்னாளில் ராஃபிள்ஸ் குடாவில் மொழிபெயர்ப்பாளர்.

வில்லியம் ஓடீன் என்னும் மலாய்க்காரர்: ஓடீன், ஊதீன், ஓ'டீன் என்று எழுதியவரின் காதுக்கு எட்டியபடியெல்லாம் இந்தப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சிட்னியில் அப்போது அயர்லாந்துக் கைதிகள் ஏராளம். அவர்கள் நடுவே ஓ'டீன் என்றொரு பெயரைக் காணும் கொள்ளுப்பேரன் இவரும் ஐரிஷ்காரரே என்று எண்ணிக் கடந்துவிடுவார். பெயரை மட்டும் நம்பித் தேடினால் இவர் அகப்பட மாட்டார். கப்பலையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்.

ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டோரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தோரே நம் மலாய் மக்கள். வீட்டில் மலாய் பேசி, பள்ளிவாசலில் தமிழில் பயான் என்னும் சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய குடும்பங்கள் கண்டியில் இன்றும் இருக்கின்றன. 1796இல் கரையோரம் பிரித்தானியர் கைக்குப் போனபோது மலாய்ப் படையினரும் அவர்களின் சேவைக்கு மாறினார்கள். முதலாம் இலங்கைப் படையணி அவர்களைக் கொண்டு அமைந்தது.

டிரம் மேஜர்: முரசுக்காரர்களின் தலைவர். அணிவகுப்பு, எச்சரிக்கை, பின்வாங்கல் எல்லாம் முரசொலியால் அறிவிக்கப்பட்ட காலம் அது. படைவீரருக்குக் கசையடி கொடுப்பதும் முரசுக்காரர் வேலை, மேற்பார்வை டிரம் மேஜருடையது. ஆக, கூட்டத்தோடு கூட்டமாக மறையக்கூடிய சிப்பாய் அல்லர் இவர். படையணி முழுவதற்கும் முகம் தெரிந்தவர்.

1803இல் கண்டியரோடு சேர்ந்தவர்: முழுக் குறிப்பிலும் கவனமாக வாசிக்க வேண்டிய வரி இதுதான். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவலின் பிரித்தானியப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. முத்துசாமி என்பவரை அரசனாக்கிவிட்டு, ஒரு காவற்படையை நிறுத்தி, ஏப்ரலில் மக்டவல் திரும்பினார். எஞ்சியோரைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24 அன்று கண்டியர் தாக்க, காவற்படைத் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து திருகோணமலையை நோக்கிப் புறப்பட்டார். ஆனால் வட்டபுளுவையில் மகாவலி ஆறு மறித்தது.

அந்த இடம் இன்று வீடுகள் நெருங்கிய பகுதி. டேவி மரம் என்ற பெயரும் ஒரு நினைவுக்கல்லும் இருக்கின்றன. தென்மேல் பருவமழை பெய்யும் ஜூன் மாதத்தில் அந்தக் கரையில் போய் நின்று ஆற்றின் வேகத்தைப் பார்த்தால், ஓடமில்லாமல் அதைக் கடப்பது எப்படிப்பட்ட எண்ணம் என்று புரியும். அங்கே முத்துசாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வெள்ளைச் சிப்பாய்கள் வெட்டப்பட்டார்கள். நகரில் நோயில் கிடந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் தப்பவில்லை. மலாய்ப் படையினரிடம் கண்டி மன்னனின் சேவைக்கு வரும்படி கேட்கப்பட்டது. மறுத்த மலாய்த் தலைவர் கப்டன் நூருதீன் கொல்லப்பட்டார். இசைந்தோர் உயிரோடிருந்தார்கள்.

'படையை விட்டு ஓடியவர்' என்று பிரித்தானியப் பதிவு சில சொற்களில் முடித்துவிடுவதைப் படிக்கும் எவரும் 1803இன் இந்தக் கண்டியை அறிந்துகொண்டு படிக்க வேண்டும் என்பதே என் வாதம். குற்றம் என்று சிட்னிப் பட்டியல் சொல்வது, கண்டியில் பன்னிரண்டு ஆண்டு அரச சேவை. இதைத் தெரியாத சந்ததி தன் முன்னோரை அவருடைய எதிர்த்தரப்பின் வாயால் மட்டுமே அறியும்.

1815இல் பிடிபட்டு: அவ்வாண்டு பெப்ரவரி 18 அன்று மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் மெதமகாநுவரவில் சிக்கினார். மார்ச் 2 அன்று மகுல் மடுவத்தில் கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அரசு போனதும் அதை நம்பியிருந்தவர்களின் காப்பும் போயிற்று. இராணுவ நீதிமன்றக் கோப்புகளையும் இலங்கை ஆளுநரின் கடிதங்களையும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். இலங்கை ஆளுநர் கடிதங்கள் குடியேற்ற அலுவலகத்தின் 54ஆம் வரிசையில் உள்ளன. சிட்னிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் இதுவரை வருபவர் சிலரே.

மனைவி ஈவுடனும் பிள்ளைகளுடனும்: என் மனத்தை அதிகம் தைப்பது இந்தப் பகுதி. தண்டனை கணவருக்கு, மனைவியோ குற்றவாளி அல்லர், கூடப் போனவர். அதனாலேயே அரசு எழுத்தில் அவருடைய இடம் குறுகிப்போகிறது. கைதிகளின் பட்டியலில் பிறந்த ஊர், தொழில், வயது, உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம் என்று கட்டங்கள் இருக்கும். ஈவ் என்ற பெயரிலோ வாசகம் என்னும் சிங்களக் குடிப்பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

கண்டியச் சிங்களவரின் வழியை அறிய வாசகப் பெயர்தான் திறவுகோல். கரையோர மாவட்டங்களுக்கு ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்பு என்னும் காணி, குடிப் பதிவேடுகள் உண்டு. கண்டி அரசு அவர்கள் ஆட்சிக்கு உட்படாததால் இங்கே தோம்பு கிடையாது. நில சேவைகளைப் பதிந்த லேகம் மிட்டி ஏடுகளே இருந்தன. அவற்றிலும் பெண்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பிள்ளைகளின் வயதைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம்: 1816இல் ஒரு வயதைக் கடந்த, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, தந்தை கண்டியரோடிருந்த காலத்தில் பிறந்தது.

இந்த இடத்தில் நம் மலையகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹந்தானை, புசல்லாவைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்ட நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணியின் கணக்கில் தலைகளாக எண்ணினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டபோது, காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை. தண்டிக்கப்பட்டவனின் கண்ணின் நிறத்தைக் கூடக் குறித்த அதே பிரித்தானிய அரசு, உழைத்தவனின் பிறப்பைச் சரிவரப் பதிந்து வைக்கவில்லை. முன்னோரைத் தேடுவது சிட்னியில் ஓய்வுநேர ஆர்வம். இங்கே அது நாட்டுரிமைக்கான கேள்வியாக இருந்தது.

கங்காரு கப்பலில்: நியூ சவுத் வேல்ஸிலிருந்து 73ஆம் படையணியில் எஞ்சியோரை இலங்கைக்கு ஏற்றிவந்த அரசுக் கப்பல் இது, தலைவர் லெப்டினன்ட் சார்ல்ஸ் ஜெப்ரிஸ். திரும்பிப் போகையில் இவர்களை ஏற்றியது. அப்போது சிட்னியில் ஆளுநர் மக்குவாரி.

ராஃபிள்ஸ் குடாவில் மொழிபெயர்ப்பாளர்: வட அவுஸ்திரேலியக் கரைக்கு சுலாவேசியின் மக்காசர் மீனவர்கள் கடலட்டை தேடி ஆண்டுதோறும் வந்தார்கள். நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எடுக்கும் அதே கடலட்டை, அதே சீனச் சந்தை. அவர்களோடு வியாபாரம் பேசும் நம்பிக்கையில் 1827இல் ஃபோர்ட் வெல்லிங்டன் என்ற கோட்டையைப் பிரித்தானியர் அங்கே ராஃபிள்ஸ் குடாவில் நிறுவினார்கள். மலாய் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சாவுத் தண்டனை பெற்ற ஓடீன் அரச மொழிபெயர்ப்பாளராகப் போனார். அக்கோட்டையின் தளபதி கொலட் பார்க்கர் எழுதிய நாட்குறிப்பில் இவர் பெயர் வருகிறது. 1829இல் கோட்டை கைவிடப்பட்டது.

ஆக, சந்ததியார் இவரைச் சிட்னிக் கைதிப் பட்டியலில் மட்டும் தேடினால் போதாது. வடகரைக் கோட்டைக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். 1828 குடிக்கணக்கில் ஒவ்வொருவரும் வந்த கப்பலும் சமயமும் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் திருமணங்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் அரசுப் பதிவு 1856இல்தான் தொடங்கியது. இவ்வளவும் பார்த்தபின் ஒருமுறை வட்டபுளுவைக்கும் வர வேண்டும்.