நிழலுக்கு ஐந்து சென்ட்

1882ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் கூடை முடையும் வில்ஹெல்ம் பார்டெல்மானைத் தேடி ஒரு சீமாட்டி வந்தார். பெயர் எல்ஃப்ரீடே ஃபான் மால்ட்சான். மூட்டுவாதக்காரர். பக்கத்திலிருந்த வார்னமூண்டே கடற்கரையில் உட்கார்ந்து அலையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பால்டிக் கடலின் ஈரக்காற்று உடம்புக்கு ஆகாது என்பது மருத்துவர் பேச்சு. காற்றும் தாக்காமல், வெயிலும் படாமல் மணலில் உட்கார ஒரு இருக்கை செய்து தர முடியுமா என்று கேட்டார்.

பார்டெல்மான் செய்து கொடுத்தார். முதுகுப்புறமும் இரு பக்கமும் தலைக்கு மேலும் மூடி, முன்பக்கம் மட்டும் திறந்த ஒற்றை இருக்கை அது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அழுக்குத்துணிக் கூடையை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கிறது என்றார்கள். ஆனால் சிரித்தவர்களே பிறகு தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தார்கள். அடுத்த ஆண்டே இரண்டு பேர் உட்காரும் அளவில் அது வளர்ந்தது. ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த பெயர் ஸ்ட்ராண்ட்கோர்ப், அதாவது கடற்கரைக் கூடை.

நாற்காலியைக் கண்டுபிடித்தவர் கணவர். அதில் வாடகைத் தொழில் இருக்கிறது என்று கண்டவர் மனைவி எலிசபெத். 1883இல், இன்று வார்னமூண்டே கலங்கரை விளக்கம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், கூடை இருக்கைகளை வரிசையாகப் போட்டு வாடகைக்கு விடத் தொடங்கினார். பார்டெல்மான் தன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் மற்றவர்களும் செய்தார்கள். பால்டிக் கரையெங்கும், பிறகு வடகடல் கரையிலும் கூடைகள் முளைத்தன.

எலிசபெத்தின் கணக்கு எளிமையானது. இவ்வளவு கனமான சாமானை ரயிலில் வருகிற எவரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். ஒரு வார விடுமுறைக்காக விலை கொடுத்து வாங்கவும் மாட்டார்கள். ஆகவே ஒரு நாளைக்கு வாடகை. அந்த வாடகைக்குள் பிரம்புக்காரரின் கூலி, மணலில் இழுத்துப்போடும் ஆளின் கூலி, குளிர்காலம் முழுக்க அடுக்கி வைக்கும் கொட்டகை, புயலில் உடைந்தவற்றைச் சரிபார்க்கும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். பால்டிக் கரையில் கோடை மூன்று நான்கு மாதம்தான். பன்னிரண்டு மாதச் செலவை அந்த நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும். கடற்கரை நாற்காலி வாடகைக்காரர்கள் இன்றைக்கும் முதலில் சொல்லும் நியாயம் இதுதான். அதில் பொய் இல்லை.

ஆனால் நாற்காலிக்கான விலையோடு இன்னொரு விலையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது, அந்த நாற்காலி நிற்கும் இடத்தின் விலை. நாற்காலி வாடகைக்காரருடையது, இடம் யாருடையது? கடற்கரையில் எழுந்த சண்டை எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

கேள்வி பழையது. பதிலும் ஒரு காலத்தில் இருந்தது. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டீனியன் வெளியிட்ட ரோமானியச் சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை நான்கும் இயற்கை நியதிப்படி எல்லோருக்கும் பொது என்று எழுதிவைத்தது. கடலோரத்துக்குப் போகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. மீனவர் வலை காயப்போடுவதற்கும் பயணி இளைப்பாறுவதற்கும் கரை போதுமானதாக இருந்த காலத்துக்கு இந்த விதி போதும். கடலில் குளிப்பது மருத்துவம் என்றும், பிறகு உல்லாசம் என்றும் ஆனபோது விதி தடுமாறியது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு முதல் சாட்சி, குளியல் வண்டி. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு மரக்குடில். உள்ளே போய் உடை மாற்றிக்கொள்ளலாம். குதிரை அதை அலைக்குள் இழுத்துச் செல்லும். கடல் பக்கத்துக் கதவைத் திறந்து, யார் கண்ணிலும் படாமல் நீரில் இறங்கலாம். மார்கேட் ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் பீல் அந்த வண்டிக்கு முன்னால் கித்தான் கூடாரம் ஒன்றை இணைத்துப் புகழ்பெற்றார். வண்டியும் வாடகை, குதிரையும் வாடகை, கைப்பிடித்து முக்கியெடுக்கும் பெண்ணுக்குக் கூலி தனி.

கடற்கரையில் வந்திறங்குபவர் வெளியூர்க்காரர். சந்தை விலை தெரியாது. வேறு கரைக்குப் போக நேரம் கிடையாது. நாளை மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். மறுபடி வருவாரா என்பது சந்தேகம். கேட்ட விலையைக் கொடுக்கும்படியான நிலை. உள்ளூர்க் கடைக்காரரிடம் இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை வேறு கடைக்குப் போகலாம். கடற்கரையில் அந்த மூன்றாம் முறை வருவதே இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இது தெரிந்திருந்தது. 1847இல் வந்த நகரக் காவல் ஒழுங்குச் சட்டம், குளியல் வண்டிகள் எங்கே நிற்க வேண்டும், ஆணும் பெண்ணும் எவ்வளவு இடைவெளியில் குளிக்க வேண்டும் என்பதோடு, வண்டிக்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்பதையும் ஊராட்சி மன்றமே விதி வகுத்துக் கட்டுப்படுத்தலாம் என்றது. கடற்கரை வாடகைக்கு உச்சவரம்பு என்ற யோசனை, கடற்கரை நாற்காலியைவிட மூத்தது.

மரச்சட்டத்தில் கித்தான் தொங்கும் சாய்வு நாற்காலி நம் வீட்டுத் திண்ணைகளிலும் இருந்த ஈஸிசேரின் நெருங்கிய உறவு. ஆங்கிலத்தில் அதற்குக் கிடைத்த பெயர் கப்பல் தளத்திலிருந்து வந்தது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பெரிய கப்பல்களில் தளத்து நாற்காலி இலவசமில்லை. டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் நிறுவனம் ஒரு பயணத்துக்கு ஒரு நாற்காலி 4 ஷில்லிங் என்று அச்சிட்டே அறிவித்திருந்தது. முதல் வகுப்புச் சீட்டு வாங்கியவரும் உட்காரத் தனியாகக் கொடுத்தார். இதற்காக யாரும் கலகம் செய்ததாகத் தெரியவில்லை. விலை முன்கூட்டியே தெரியும், எல்லோருக்கும் ஒன்றே, பயணம் முடியும்வரை ஏறாது.

கலகம் வேறிடத்தில் நடந்தது. அங்கே கடலும் இல்லை, மணலும் இல்லை.

1901 கோடையில் நியூயார்க் வெந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்த வெப்ப அலை அது. நெரிசலான குடியிருப்புகளில் மூச்சு முட்டியவர்கள் பூங்காக்களுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் மர நிழலில் பச்சை வண்ணம் பூசிய புத்தம்புது நாற்காலிகள். உட்கார்ந்ததும் சீருடைக்காரர் ஒருவர் வந்து ஐந்து சென்ட் கேட்டார். ஆஸ்கர் ஸ்பேட் என்ற வியாபாரி, லண்டனிலும் பாரிஸிலும் பூங்கா நாற்காலிகள் வாடகைக்குப் போவதைச் சொல்லி, பூங்காத் துறைத் தலைவர் ஜார்ஜ் கிளாசனிடம் அனுமதி வாங்கியிருந்தார். நகரத்துக்கு அவர் தர வேண்டியது ஆண்டுக்கு 500 டாலர்.

ஐந்து சென்ட் அன்றும் பெரிய தொகையில்லை. ஏற்கெனவே நிழலில் கிடந்த இலவச பெஞ்சுகள் வெயிலுக்கு நகர்த்தப்பட்டிருந்ததுதான் மக்களைக் கொதிக்க வைத்தது. காசு கொடுத்தால் நிழல், கொடுக்காவிட்டால் வெயில். மேடிசன் சதுக்கத்தில் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காசு தர மறுத்தார்கள். எழுப்ப வந்த ஊழியரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலிகள் உடைந்தன, கைகலப்பு நடந்தது, காவலர்கள் வந்தார்கள். ஜூலை முடிவதற்குள் கிளாசன் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

ஸ்பேட் எடுத்துக்காட்டிய லண்டனில் இப்படி ஒன்றும் நடக்கவில்லை. அங்கே வாடகை நாற்காலிக்குப் பக்கத்திலேயே இலவச பெஞ்சும் புல்தரையும் அதே நிழலில் இருந்தன. வேண்டியவர் காசு கொடுத்தார். வேண்டாதவர் தரையில் உட்கார்ந்தார்.

இங்கிலாந்தின் கடலோர ஊர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த வழியைத்தான். பிளாக்பூல் போன்ற ஊர்களில் நாற்காலி வாடகை நகரசபையின் கைக்கு வந்தது. தோளில் தோல்பை தொங்க, சீட்டுக் கிழித்துக் கொடுத்தபடி ஊழியர்கள் மணலில் நடந்தார்கள். விலை சபையின் விலை. லாபம் ஊர்க் கணக்கில் சேர்ந்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை வாரத்தில் கூட்டம் கூட்டமாக வந்தபோது இந்த ஏற்பாடு கொடிகட்டிப் பறந்தது. பிறகு ஸ்பெயினுக்கு மலிவு விமானம் வந்தது. மடக்கி வைக்கும் அலுமினிய நாற்காலியைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். 2014இல் பிளாக்பூல் நகரசபை தன்னிடம் எஞ்சியிருந்த சுமார் 6,000 கித்தான் நாற்காலிகளை விற்றுவிட்டுத் தொழிலை மூடியது.

இத்தாலி நேர்மாறான பாதையில் போனது. வியரெஜ்ஜோவில் 1828இல் இரண்டு குளியல் நிலையங்கள் எழுந்தன; ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. ரிமினியில் 1843இல் இன்னொன்று. அந்த விதை இன்று நாட்டின் கரைமுழுக்கப் படர்ந்திருக்கிறது. சட்டப்படி கரை அரசின் சொத்து, விற்க முடியாது. குத்தகைக்கு விடலாம். குத்தகை எடுத்தவர் ஒரே நிறத்தில் குடைகளையும் சாய்வுக் கட்டில்களையும் அணிவகுப்புப்போல் நட்டு வைக்கிறார். சினிமாக் கொட்டகைபோல் வரிசைக்கு ஒரு விலை. அலையை ஒட்டிய முதல் வரிசைக்கு அதிகம், பின்னால் போகப் போகக் குறைவு. தாத்தா பிடித்த அதே குடையை, அதே வரிசையில், பேரனும் ஆண்டுதோறும் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. குத்தகையும் அப்படியே தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது. ஏலம் இல்லாமலே புதுப்பிக்கப்பட்டது.

அரசுக்கு வந்தது என்ன? 2016 முதல் 2020 வரையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 10 கோடி யூரோதான் என்று இத்தாலியத் தணிக்கை நீதிமன்றம் கணக்குக் காட்டியது. 2020இல் அரசு கொண்டுவந்த மாற்றத்தின்படி குறைந்தபட்சக் குத்தகைத் தொகை ஆண்டுக்கு 2,500 யூரோ ஆனது. ஒரு குடைக்கு நாளுக்கு 25 யூரோ வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு குடை நூறு நாளில் அந்தத் தொகையை ஈட்டிவிடும். மற்றக் குடைகளுக்கு மணல் சும்மா வந்த மாதிரி. குத்தகைக்காரர்களுக்கும் பதில் உண்டு. உயிர்காப்பாளர் சம்பளம், கரையைத் தினமும் கூட்டுவது, கழிப்பறை, குளியலறை, வரி எல்லாம் தங்கள் தலையில். இரண்டு தலைமுறை போட்ட பணத்தை ஏலத்தில் யாரோ ஒரு பெருநிறுவனம் கொண்டுபோக வேண்டுமா என்கிறார்கள்.

இந்தச் சச்சரவு ஐரோப்பிய ஒன்றியம் வரை போனது. பொதுச் சொத்தைக் குத்தகைக்கு விட்டால் திறந்த போட்டி வேண்டும் என்பது 2006இல் வந்த ஐரோப்பிய சேவைத் துறை ஆணையின் சாரம். இத்தாலியின் தானியங்கிப் புதுப்பிப்பு அதற்கு முரண் என்று 2016 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ரோம் அரசுகள் இழுத்தடித்தன. 2024 செப்டம்பரில் போட்ட அவசரச் சட்டத்தால் பழைய குத்தகைகளுக்கு 2027 செப்டம்பர் வரை ஆயுள் கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 9 காலையில், குத்தகைக்காரர்கள் இரண்டு மணிநேரம் குடைகளை விரிக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுற்றுலா உச்சத்திலிருந்த நாட்டில் கடற்கரைக் குடையே கொடியாயிற்று.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் குத்தகை, வழக்கு என்றெல்லாம் நீளவில்லை. 2014 மே மாதம் ஆட்சியைப் பிடித்த ராணுவம், பொதுக் கரையை வளைத்துப் போட்டிருந்த நாற்காலிகளையும் குடைகளையும் அகற்ற உத்தரவிட்டது. வெறும் மணலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். வெயிலில் நிழல் தேடிய முதியவர்களும் குழந்தை வைத்திருந்தவர்களும் மகிழவில்லை. பிழைப்பு போன வாடகைக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் கரையின் பத்து சதவீதத்தில் மட்டும் வாடகைத் தொழில் நடக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. விலையை யாரும் வெட்டவில்லை, பரப்பை வெட்டினார்கள்.

2023 ஜூலையில் கிரீஸின் பாரோஸ் தீவுக்காரர்களும் பரப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சிறு பகுதிக்கு உரிமம் வாங்கிவிட்டுக் கரை முழுவதையும் கட்டில்களால் நிரப்பியிருந்தார்கள் சில வாடகைக்காரர்கள். சொந்த ஊர்க் கடற்கரையில் ஒரு துண்டை விரிக்க இடமில்லை என்று ஊர்க்காரர்கள் பதாகையோடு மணலில் இறங்கினார்கள். துவட்டும் துண்டே அந்த இயக்கத்தின் பெயராயிற்று. மற்றத் தீவுகளுக்கும் பரவியது. மறு ஆண்டு வந்த புதிய சட்டம், குத்தகைக்கு விடும் கரையில் 70 சதவீதம் குடையும் கட்டிலும் இல்லாமல் இருக்க வேண்டும், அலைக்கோட்டிலிருந்து நான்கு மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும் என்றது. உரிமம் எவ்வளவு பரப்புக்கு என்பதை யாரும் கைபேசியில் பார்த்து, மீறினால் அங்கேயே புகார் தரச் செயலி ஒன்றும் வந்தது.

பாரோஸில் ஒரு கட்டில் விலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாதது என்ற முணுமுணுப்பு முன்பே இருந்தது. ஆனாலும் சட்டம் கட்டிலுக்கு விலை நிர்ணயிக்கவில்லை. பக்கத்தில் வெறும் மணல் இருந்தால், கட்டில்காரர் கேட்கும் விலைக்கு அந்த மணலே எல்லை கட்டிவிடும் என்பது அதன் கணக்கு. 1901இல் மேடிசன் சதுக்கத்தில் பெஞ்சுகளை நிழலிலேயே விட்டிருந்தால் ஸ்பேட்டின் ஐந்து சென்ட்டும் ஒருவேளை பிழைத்திருக்கும்.

வார்னமூண்டேயில் ஸ்ட்ராண்ட்கோர்ப் இன்னும் வாடகைக்குப் போகிறது. 2007இல் பக்கத்து ஊரான ஹைலிகெண்டாமில் ஜி-8 மாநாடு நடந்தபோது, எட்டு நாட்டுத் தலைவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் படம் பிடிப்பதற்காகவே ராட்சத அளவில் ஒன்றைச் செய்தார்கள். கரையில் நிற்பவை பழையபடி இருவர் அமரும் அளவுதான். ஒவ்வொன்றின் முதுகிலும் பெரிய எண். பகலில் காற்று திசை மாறினால் வாடகைக்கு எடுத்தவர்களே கைப்பிடியைப் பிடித்துத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் முன்பக்கத்தில் மரச்சட்ட அடைப்பைப் பொருத்திப் பூட்டுகிறார்கள். சாவி வாடகைக்காரரிடம் போய்விடுகிறது. பூட்டிய கூடைகளுக்கு முன்னால், இன்னும் சூடு ஆறாத மணலில், யார் வேண்டுமானாலும் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.