ரீபேக்: பராமரிப்பு ஈன்ற பெயர்

மலை மிதிவண்டி வரலாற்றில் புகழ்பெற்ற பாதையொன்றின் பெயர், பராமரிப்பு வேலையிலிருந்து பிறந்தது. கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் 1976இல் பந்தயங்கள் தொடங்கிய செங்குத்தான மண்பாதை அது. ஒரே இறக்கத்தில் பின்சக்கரக் குடத்து பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் அடைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அச்செயலைக் குறிக்கும் 'ரீபேக்' என்ற சொல்லே பாதையின் பெயராயிற்று. பழைய வண்டிகளைத் தாமே பிரித்துக் கோத்த அக்குழுவினருள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் மலைக்கென்றே சட்டகம் அமைத்தார்.

மின்விசை மிதிவண்டி இதனினும் மூத்தது. ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்றே, பின்சக்கரக் குடத்தில் மோட்டார் கொண்ட வண்டிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் மின்கலத்தின் எடை நெடுங்காலம் தடையாக நின்றது. 1991இல் சோனி லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைப்படுத்தியது. 1993இல் யமஹா, மிதிக்கும் விசைக்கேற்பத் துணைபுரியும் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்விரு நுட்பங்களும் பின்னர் இணைந்தமையால்தான் எடை குறைந்த மின் மலைமிதிவண்டி இயன்றது.

இன்றும் சங்கிலியையும் டயரையும் உரிமையாளரே மாற்றலாம். மின்கலப் பெட்டியும் மோட்டாரின் மென்பொருளுமோ பெரும்பாலும் தயாரிப்பாளரின் பிடியிலேயே உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறை, நிறுவனம் சாராத பழுதுபார்ப்பவரும் இம்மின்கலங்களை மாற்ற இயலவேண்டும் என்பதை 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. ரீபேக்கில் இயல்பாக இருந்த உரிமை, இன்று சட்டத்தால் மீட்கப்பட வேண்டியதாயிற்று.