விதியா? படிக்கட்டா?

மூப்பு வேண்டாம், நரை வேண்டாம், என்றும் பதினாறாக இருத்தல் வேண்டும் — இந்த ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. ஆசை முளைத்த இடத்திலே கதையும் முளைத்தது. பாற்கடலைக் கடைந்து அமுதம் எடுத்தனராம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துப் பாடுபட்ட அசுரர்களுக்குக் கிடைத்த கூலி ஏமாற்றம். அமுதம் முழுவதும் தேவர்களுக்கு! யயாதி என்றொரு மன்னன், சாபத்தால் வந்த கிழத்தனத்தைத் தன் மகன் பூருவின் தலையில் கட்டிவிட்டு, அவனுடைய இளமையை வாங்கி இன்பம் துய்த்தானாம். இதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர் பலர். ஒருவன் இளமையை மற்றொருவன் பறித்து வாழ்வது அறமா என்று கேட்டவர் எத்தனை பேர்?

புராணம் இருக்கட்டும், வரலாற்றைப் புரட்டுவோம்.

கி.மு. 221-ல் சீனத்தை ஒரு குடைக்கீழ் கொண்டு வந்தவன் சின் ஷி ஹுவாங். நாடுகளை வென்றவனுக்கு நரையை வெல்ல ஆசை. சாவா மருந்து தேடிக் கீழ்க்கடலுக்குக் கப்பல்களை ஓட்டினான். மந்திரவாதிகளை நம்பினான், பாதரசம் கலந்த மருந்துகளையும் விழுங்கினான் என்பர். முடிவு? கி.மு. 210-ல், ஐம்பது வயதை எட்டுமுன்பே மாண்டான். அமுதம் என்று எண்ணியது நஞ்சு! சக்கரவர்த்திக்கும் சலுகை காட்டவில்லை இயற்கை.

பதினாறாம் நூற்றாண்டிலே இத்தாலியில் ஒரு மாறுதல் தோன்றுகிறது. லூயிஜி கொர்னாரோ என்ற செல்வர், களியாட்டத்திலும் பெருந்தீனியிலும் உடலைக் கெடுத்துக்கொண்டு, நாற்பது வயதுக்குள் சாவின் வாயிலை எட்டினார். அளவோடு உண்டால் பிழைக்கலாம் என்றனர் மருத்துவர்கள். நாளொன்றுக்கு 12 அவுன்சு உணவு, 14 அவுன்சு திராட்சை மது என்று வரம்பு கட்டிக்கொண்டார், நலம் பெற்றார். 1558-ல் தம் பட்டறிவை நூலாக்கி வெளியிட்டார். 1566-ல் முதுமை கனிந்து மறைந்தார். வானத்தைப் பார்த்து வரம் கேட்காமல், தன் தட்டைப் பார்த்துக் கணக்குக் கேட்டவர் என்பது அவர் சிறப்பு. ஆயினும் ஒரு மனிதரின் வாழ்வு சான்றாகிவிடாது. அவரைப்போல் உண்டும் இளமையில் மாண்டவர் இருக்கலாம் அல்லவா? பகுத்தறிவு இங்கே ஒரு படி மேலே ஏறவேண்டும். ஒருவரை அல்ல, ஆயிரமாயிரம் பேரை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்தப் படியை ஏறிக் காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர். 1910-ல் இங்கிலாந்தில், போலந்திலிருந்து பிழைக்க வந்த ஏழை யூதக் குடும்பத்திலே பிறந்தவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்திலே மாரடைப்பு பெருகிற்று. ஏன் என்று அறிய முற்பட்ட மாரிஸ், ஆய்வுக்கூடத்தில் மட்டும் தேடவில்லை; தெருவிலே ஓடிய பேருந்தைப் பார்த்தார்.

இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்து. முன்னே ஓட்டுநர், வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பவர். பின்னே நடத்துனர், சீட்டுக் கொடுக்க மேலும் கீழுமாய் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுபவர். ஒரே ஊர், ஒரே நிறுவனம், ஒரே வர்க்கம். வேறுபாடு, படிக்கட்டு! ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 1953-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார். நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் முதிர்ந்த வயதில். வந்தபோதும் உயிரைப் பறிக்கும் வேகம் குறைவு. அஞ்சல் துறையிலும் அதே கதை: நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றவரைவிட, நாற்காலியில் அமர்ந்திருந்த எழுத்தருக்கே நோய் மிகுதி.

"பருத்த உடலினர் ஓட்டுநராகச் சேர்ந்திருக்கலாமே!" என்று ஐயம் எழுந்தது. ஐயத்தை அடக்கவில்லை அவர், வரவேற்றார். சீருடைக் கணக்கை எடுத்து, கால்சட்டையின் இடுப்பளவை ஆராய்ந்தார். ஓட்டுநரின் இடுப்பு பெரிதுதான். ஆனால் மெலிந்தவரோடு மெலிந்தவரை ஒப்பிட்டாலும் நடத்துனரே நலமுடன் இருந்தார். 1956-ல் இதுவும் அச்சேறியது. பிறகு அரசு ஊழியர் சுமார் 18,000 பேரை ஆராய்ந்து, ஓய்வு நேரத்தில் ஓடியாடுவோர்க்கும் அந்தக் காப்பு உண்டெனக் கண்டார். தாமும் ஓடினார், நீந்தினார். 2009-ல் மறையும்போது வயது 99!

தோழர்களே, இந்த வரலாறு நம் முகத்தில் அறையும் உண்மை ஒன்று உண்டு. உடலுழைப்பை இழிவென்றும், உட்கார்ந்து உண்பதை உயர்வென்றும் வகுத்த சமுதாயம் இது. உழுதவன் தாழ்ந்தவன், தொந்தி சுமந்தவன் பெரியவன்! மனுவின் அந்தத் தீர்ப்பை இதயமும் இரத்தக் குழாயும் ஏற்கவில்லை என்கிறது அறிவியல். ஆனால், வயலிலே நாளெல்லாம் குனிந்து நிமிரும் உழவனிடம் சென்று, "ஓடு, உணவைக் குறை" என்று போதிப்பது கொடுமை. அவனுக்கு வேண்டுவது வயிறார உணவு, ஓய்வு, நியாயமான கூலி. ஓடவேண்டியவர் நாற்காலியில் நாள் கழிக்கும் நாம். அடுப்படியில் முதுகொடியப் பாடுபட்டு, மிஞ்சியதை உண்ணும் பெண்களுக்கும் சத்தான உணவும் விளையாட்டுத் திடலும் உரிமை, சலுகையல்ல.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. இதைத் தலையெழுத்து என்று சொல்லிப் பரிகாரம் தேடி ஓடுவோரும், இளமை தரும் இலேகியம் என்று விற்போரும் இன்றும் உளர். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ எளிது: வாரத்திற்கு 150 நிமிடமாவது விரைந்து நடத்தல் போன்ற உழைப்பு. தட்டிலே தீட்டிய சோற்றின் மலையைக் குறைத்து, பயறும் கீரையும் காயும் கேழ்வரகும் கூட்டுங்கள். இதற்கு வரம் வேண்டாம், தவம் வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

மூப்பு வரும், சாவும் வரும். அதை மறுப்பது மூடத்தனம். வருமுன்னே நம்மை வளைத்துப் போடாமல் காப்பது அறிவு. சமுதாயத்தை மாற்றப் புறப்பட்ட இளைஞனுக்கு நெடுந்தூரம் நடக்கும் கால்கள் வேண்டும். நெற்றியில் எழுத்து ஏதுமில்லை தோழர்களே, எதிரே படிக்கட்டு இருக்கிறது. ஏறுங்கள்!